கடை பாலிசிக்கு மட்டும் ஏன் இன்னும் 18 சதவீதம்? வேலூர் வியாபாரிகள் பாலிசியின் முதல் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கடை இன்சூரன்ஸைப் புதுப்பித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. "இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி போய்விட்டது" என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். ஆனால் லாங் பஜார் ஜவுளிக் கடைக்கு வந்த ரசீதிலும் சரி, காட்பாடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ரசீதிலும் சரி, பிரீமியத்துக்குக் கீழே 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. ஏஜென்ட் தவறாகப் போட்டுவிட்டாரா?

இல்லை. அன்று வரிவிலக்கு கிடைத்தது தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கும், தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கும்தான். கடை, குடோன், பட்டறை, இயந்திரம், தொழிலாளர் இழப்பீடு என்று தொழிலுக்காக எடுக்கும் பாலிசிகள் அந்தப் பட்டியலில் இல்லை. 10,000 ரூபாய் பிரீமியத்துக்கு 1,800 ரூபாய் வரி முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் கடைக்காரர் இந்த 1,800 ரூபாயை இன்புட் கிரெடிட்டாக, அதாவது தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது செலவுக் கணக்குதான்.

சரி, வரிச் சந்தேகம் இதோடு தீர்ந்தது. ஆனால் 1,800 ரூபாய்க்குக் கணக்குக் கேட்பவர்களில் பலர், அந்த ரசீதோடு வந்த பாலிசியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தீ பிடித்த பிறகோ வெள்ளம் வடிந்த பிறகோதான் அது பீரோவிலிருந்து வெளியே வருகிறது. அப்போது கைக்கு வரும் தொகை குறைந்தால் கம்பெனியைத் திட்டுகிறோம். கம்பெனிகள் சும்மா இழுத்தடிப்பதும் உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் பணம் குறைவதற்கான காரணம் பெரும்பாலும் பாலிசி எழுதிய நாளிலேயே முதல் பக்கத்தில் பதிந்துவிடுகிறது.

முதலில் சில சொற்கள்

ஷெட்யூல்: பாலிசியின் முதல் ஒன்றிரண்டு பக்கங்கள். பெயர், முகவரி, தொழில், தொகை, தேதி எல்லாம் இதில்தான் இருக்கும். பின்னால் வரும் பொடி எழுத்துப் பக்கங்கள் எல்லோருக்கும் பொது. ஷெட்யூல் மட்டும்தான் உங்களுக்கென்று எழுதியது.

காப்பீட்டுத் தொகை: நீங்கள் சொல்லி, கம்பெனி ஏற்றுக்கொண்ட அதிகபட்ச வரம்பு. நஷ்டம் நடந்தால் இந்தத் தொகை அப்படியே வரும் என்று அர்த்தம் இல்லை.

எக்ஸஸ்: ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய முதல் பகுதி.

என்டார்ஸ்மென்ட்: பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே முகவரி, தொகை போன்றவற்றை எழுத்தில் திருத்தி வாங்குவது.

சர்வேயர்: நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர். அவர் கம்பெனியின் ஊழியர் அல்ல.

ஏஜென்ட், புரோக்கர் என்ற இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஏஜென்ட் கம்பெனியின் சார்பில் விற்பவர். புரோக்கர் உரிமம் பெற்று வாடிக்கையாளர் சார்பில் செயல்பட வேண்டியவர், பல கம்பெனிகளிடம் விலை கேட்டுத் தர முடியும். 2007 ஜனவரியிலிருந்து தீ இன்சூரன்ஸுக்கு அரசு நிர்ணயித்த ஒரே விலை கிடையாது. ஆகவே ஒரே கடைக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு விலை சொல்வது சகஜம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

"சூக்ஷ்ம" என்றால் அரசுத் திட்டமா?

2021 ஏப்ரல் 1 முதல், சிறு தொழில்களுக்கான தீ பாலிசியை ஒரே மாதிரி வாசகத்தில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. ஒரே இடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு மானியத் திட்டம் என்றும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருந்தால்தான் கிடைக்கும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டும் சரியல்ல. இது காசு கொடுத்து வாங்கும் சாதாரண பாலிசி. பார்ப்பது சொத்தின் மதிப்பை மட்டும். மண்டித் தெரு மளிகைக் கடை, சத்துவாச்சாரி மெடிக்கல் ஷாப், குடியாத்தம் லுங்கிப் பட்டறை எல்லாமே பெரும்பாலும் சூக்ஷ்ம வரம்புக்குள் அடங்கிவிடும்.

தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், வாகனம் வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டி உடைவது ஆகியவை இதில் அடக்கம். இப்படி ஒரு சம்பவம் நடந்த 7 நாட்களுக்குள், அந்தக் குழப்பத்தில் திருட்டுப் போனால் அதுவும் சேரும். இடிபாடு அகற்றக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் போன்றோர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தனியாகக் கிடைக்கும்.

வெள்ளமும் நிலநடுக்கமும் நம் ஊருக்கு எதற்கு என்று தோன்றலாம். பாலாறு என்றாலே மணல்தானே. ஆனால் 2021 நவம்பரில் அதே பாலாறு கரை தொட்டு ஓடியது. குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு பெருகிக் கரையோரங்களில் புகுந்தது. பேர்ணாம்பட்டில் மழையில் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சிறு நில அதிர்வுகளும் வந்தன. சூக்ஷ்ம பாலிசியில் இவை உள்ளடங்கியே வருவதால் தனியாகக் கேட்டு வாங்கத் தேவையில்லை. ஒரு வேறுபாடு மட்டும் கவனிக்க வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறிக் கடைக்குள் புகுவது வெள்ளம். மேல்தளம் கசிந்து மாதக்கணக்கில் சரக்கு ஊறிப்போவது பராமரிப்புக் குறை. பின்னதற்குப் பணம் வராது.

ஷெட்யூலில் நான்கு கட்டங்கள்

1. யார் பெயரில்? பாலிசி எடுப்பவருக்கு அந்தப் பொருளில் உரிமையோ பணநஷ்டமோ இருக்க வேண்டும். வாடகைக் கடைக்காரர் சரக்கு, ரேக், கண்ணாடி, சொந்தச் செலவில் செய்த உள் அலங்காரம் ஆகியவற்றை எழுதலாம். கட்டடம் கட்டட உரிமையாளருடையது, அவர்தான் அதற்கு பாலிசி எடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் கட்டடம் நம்முடையதாகிவிடாது. ஜிஎஸ்டி பதிவு மனைவி பெயரில், பாலிசி கணவர் பெயரில் என்று இருக்கும் கடைகள் நம் ஊரில் ஏராளம். கொள்முதல் பில் யார் பெயரில் வருகிறதோ அவர் பெயரில், அல்லது அந்தக் கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் சேர்த்து, பாலிசி இருக்கட்டும்.

2. எந்த இடம்? பாலிசி ஆளைத் தொடர்ந்து நடக்காது, எழுதிய முகவரியோடு நின்றுவிடும். கடை லாங் பஜாரில், குடோன் தோட்டப்பாளையத்தில் என்றால் இரண்டு முகவரியும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சரக்கு என்பதும் ஷெட்யூலில் வர வேண்டும். கடைக்குப் பின்சந்தில் வாடகைக்கு எடுத்த சின்ன அறைக்கும் இதுவே விதி. தரைக்குக் கீழ்த் தளத்தில் சரக்கு வைத்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். சில கம்பெனிகள் அதற்குத் தனி நிபந்தனை போடும்.

3. என்ன தொழில்? பிரீமியம் விகிதத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு வரிதான். மளிகை என்று எழுதிவிட்டு, தீபாவளி மாதத்தில் முன்பக்கம் பந்தல் போட்டுப் பட்டாசு விற்றால், கம்பெனி ஒப்புக்கொண்ட அபாயமே மாறிவிடுகிறது. காட்பாடி அருகே லத்தேரியில் 2021 ஏப்ரலில் பட்டாசுக் கடையில் பிடித்த தீ மூன்று உயிர்களைக் கொண்டுபோனதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. பெயின்ட், தின்னர், காஸ் சிலிண்டர், ஃபோம், தோல் ரசாயனம் எது இருந்தாலும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்து லாட்ஜ்களில் நோயாளியின் வீட்டார் சமைத்துக்கொள்ள அறையிலேயே அடுப்பு தருவது வழக்கம். அங்கே தங்கும் விடுதி என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டு நூறு ரூபாய் பிரீமியம் கூடும் என்று மறைப்பதுதான் இதில் மிகவும் முட்டாள்தனமான சிக்கனம்.

4. எவ்வளவு? இதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

பாதி எழுதினால் பாதிதான்

20 லட்சத்துக்கு பாலிசி, 8 லட்சத்துக்கு நஷ்டம், 8 லட்சமும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாலிசி அப்படி நினைப்பதில்லை. நஷ்டம் நடந்த நாளில் கடையில் மொத்தம் எவ்வளவு மதிப்புச் சரக்கு இருந்தது என்று சர்வேயர் முதலில் கணக்கிடுவார். இதைத் தொழிலில் ஆவரேஜ் விதி என்பார்கள்.

ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் புதுப்பிக்கும்போது சரக்கு 20 லட்சம், பாலிசியும் 20 லட்சம். தீபாவளிக்கு முன் சரக்கு 40 லட்சமாகிறது. பாலிசியைத் தொடவில்லை. அக்டோபரில் மின்கசிவால் ஒரு பக்க ரேக் எரிந்து 8 லட்சம் நஷ்டம். இப்போது கணக்கு:

20 லட்சம் ÷ 40 லட்சம் × 8 லட்சம் = 4 லட்சம்.

அதிலும் எக்ஸஸ் போக மீதி. கம்பெனியின் பார்வையில் இந்தக் கடைக்காரர் பாதிச் சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். மீதிப் பாதிக்கு அவரே இன்சூரன்ஸ் கம்பெனி.

சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் ஒரு சலுகை உண்டு. குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. மேலே சொன்ன கடை 34 லட்சத்துக்கு எழுதியிருந்தால் குறைவு 6 லட்சம், அதாவது சரியாக 15 சதவீதம். 8 லட்சமும் கிடைத்திருக்கும். அந்த 14 லட்சத்துக்கான கூடுதல் பிரீமியத்தையும், போன 4 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீ பிரீமியம் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்ற அளவில்தான் பேசப்படுகிறது.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, ரம்ஜான், பொங்கல் என்று சரக்கு ஏறி இறங்கும் கடைகள் உச்ச மாதத்தின் மதிப்பை வைத்து எழுதுவது ஒரு வழி. ஏறும் மாதத்துக்கு முன் என்டார்ஸ்மென்ட் வாங்கித் தொகையைக் கூட்டுவது இன்னொரு வழி.

மதிப்பை எப்படிப் போடுவது?

1. சரக்கு: கொள்முதல் விலை, அதோடு லாரி வாடகை, இறக்குக் கூலி. எம்ஆர்பி அல்ல. விற்காத சரக்கின் லாபத்தைத் தீ பாலிசி தராது.

2. இயந்திரம், ஃபர்னிச்சர்: இன்று அதே திறனில் புதிதாக வாங்க ஆகும் விலை. ஆடிட்டர் போடும் பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் கழிந்து கழிந்து 3 லட்ச ரூபாய் இயந்திரம் 40,000 ரூபாயாக நிற்கும். வருமான வரிக்கு அது சரி. அதே எண்ணை பாலிசியில் எழுதினால் ஆவரேஜ் விதி வந்து நிற்கும். இன்னொன்று, புது விலை கிடைக்க வேண்டுமானால் உண்மையிலேயே புதிது வாங்கி வைக்க வேண்டும். வாங்காமல் பணமாகக் கேட்டால் தேய்மானம் கழிப்பார்கள்.

3. கட்டடம்: இன்று திரும்பக் கட்டும் செலவு. மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. நிலம் எரிவதில்லை. காட்பாடி ரோட்டு மனை விலையைச் சேர்த்து 2 கோடிக்கு எழுதிவிட்டுப் பிரீமியம் அதிகம் என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள்.

4. ஜிஎஸ்டி: பலரும் கவனிக்காத இடம். சரக்கு எரிந்தாலோ, திருடுபோனாலோ, அழிந்தாலோ அதற்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு சொல்கிறது. அதாவது சரக்கும் போய், வரியும் கையை விட்டுக் கட்ட வேண்டும். ஆகவே சரக்கு மதிப்பில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறது என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

அப்புறம், பில் இல்லாத சரக்கு. பஜாரில் இது ரகசியம் ஒன்றும் அல்ல. ஆனால் கணக்கில் இல்லாத சரக்கு தீயில் போனால் அது இருந்ததற்கே சாட்சி கிடையாது. வரியில் மிச்சம் பிடித்தது இங்கே வட்டியோடு போய்விடும்.

பேங்க் போட்ட பாலிசி

சிசி (கேஷ் கிரெடிட்) அல்லது ஓடி (ஓவர்டிராஃப்ட்) என்ற பேங்க் கடன் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் "இன்சூரன்ஸ் பேங்கே போட்டுவிடும்" என்பார்கள். கணக்கிலிருந்து பிரீமியம் போகிறது, அவ்வளவுதான் தெரியும். இந்த பாலிசிகளில் அடிக்கடி பார்க்கும் குறைகள்:

1. தொகை கடன் வரம்பை ஒட்டி இருக்கும். 15 லட்சம் கடன் என்றால் 15 லட்சத்துக்கு பாலிசி. கடையில் சரக்கு 35 லட்சம் இருக்கும். மேலே பார்த்த வெட்டு இங்கேயும் விழும்.

2. முகவரி, கடன் வாங்கிய காலத்தது. கடை இடம் மாறி நான்கு வருடம் ஆகியிருக்கும்.

3. குடோன் இருக்கவே இருக்காது.

4. பேங்க் கிளாஸ் என்ற நிபந்தனை இருப்பதால் கிளெய்ம் பணம் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும். இது நியாயமானதுதான், ஆனால் புதுச் சரக்கு வாங்கப் பணம் கையில் நிற்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

5. கடனை அடைத்த வருடம் பேங்க் புதுப்பிப்பதை நிறுத்திவிடும். கடைக்காரர் பாலிசி இன்னும் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஷெட்யூல் நகலை பேங்க் கிளையிலிருந்து வாங்கி, தவறு இருந்தால் பேங்குக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தில் எழுதி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் தேதியில் பேங்கை மட்டும் நம்பவும் கூடாது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி அபாயத்தை ஏற்காது. கொடுத்த செக் திரும்பினால் பாதுகாப்பும் போய்விடும்.

தீ பாலிசி தொடாத இடங்கள்

பூட்டை உடைத்துத் திருடுவதற்கு தனி பாலிசி வேண்டும். பெரும்பாலான பர்க்லரி பாலிசிகள் பலவந்தமாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஷட்டர் நெளிந்திருக்க வேண்டும், சுவரில் ஓட்டை இருக்க வேண்டும். வாசகம் அப்படி இருந்தால் பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கூட்ட நேரத்தில் புடவையைச் சுருட்டிப் பையில் போடுவது இதில் வராது. கடைப் பையனே கை வைப்பதற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்று வேறொன்று இருக்கிறது. ஒரே இரவில் மொத்தக் கடையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், மொத்த மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் திருட்டுப் பாதுகாப்பு எடுக்கும் ஃபர்ஸ்ட் லாஸ் முறை உண்டு. பிரீமியம் குறையும், கேட்டு வாங்கலாம்.

மின்சாரம் இன்னொரு தலைவலி. வேலூர் கத்திரி வெயிலில் ஏசியும் ஃப்ரீசரும் நாள் முழுக்க ஓட, வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டார் புகைந்துவிடுகிறது. மின் கோளாறால் அந்த ஒரு கருவிக்குள்ளேயே ஏற்படும் சேதம் தீ பாலிசியில் விலக்கு. அங்கிருந்து தீ பரவிப் பக்கத்து ரேக் எரிந்தால் ரேக்குக்குப் பணம் உண்டு, மோட்டாருக்கு இல்லை. ஸ்கேன் சென்டர், லேப், பிரிண்டிங் பிரஸ் போல ஒரு கருவியை நம்பியே ஓடும் தொழில்கள் மெஷினரி பிரேக்டவுன் அல்லது எலக்ட்ரானிக் கருவி பாலிசி பற்றிக் கேட்க வேண்டும். ஃப்ரீசர் நின்று ஐஸ்கிரீம் உருகியதும் மருந்து கெட்டதும் இன்னும் தனி.

கடை மூடிக் கிடக்கும் மாதங்களின் வருமானம்? தீ பாலிசி பொருளுக்குத்தான். வாடகை, சம்பளம், இஎம்ஐ ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு லாப இழப்பு பாலிசி இருக்கிறது, ஆனால் கடையில் பொருள் சேதம் நடந்திருந்தால்தான் அது பேசும். சின்ன மளிகைக் கடைக்கு இதை நான் வற்புறுத்த மாட்டேன். 20 அறை லாட்ஜுக்கும், பேக்கரிக்கும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஷாப்கீப்பர்ஸ் பாலிசி என்று தீ, திருட்டு, பணம், கண்ணாடி, போர்டு, மூன்றாம் நபர் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தருவதும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனித் தொகை எழுதியிருக்கும். கட்டு ஒன்று என்பதால் எல்லாமே முழுத் தொகைக்கு என்று எண்ண வேண்டாம்.

வேலையாட்கள்

சரக்கு போனால் திரும்ப வாங்கலாம். வேலை செய்யும் இடத்தில் ஆள் இறந்தால் சின்ன முதலாளியின் தொழிலே முடிந்துபோகும் அளவுக்குப் பொறுப்பு வரலாம்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். இஎஸ்ஐக்குள் வரும் தொழிலாளிக்கு விபத்து இழப்பீட்டை இஎஸ்ஐயே பார்த்துக்கொள்ளும்.

10 பேருக்குக் குறைவாக உள்ள பட்டறைகளுக்குத்தான் சிக்கல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, கணக்கு முறை மாறவில்லை. மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதன்படி:

7,500 × 207.98 = 15,59,850 ரூபாய்.

40 வயதுக்காரருக்கு எண் 184.17, தொகை 13,81,275. இதில் முதலாளியின் தவறு இருந்ததா என்ற கேள்வியே முக்கியமில்லை. வேலையின்போது, வேலையால் விபத்து என்றால் பொறுப்பு வந்துவிடும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுத் தொட்டி இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். வட ஆற்காட்டில் தோல், கட்டுமானம், லாரி என்று ஆபத்தான வேலைகளுக்குக் குறைவில்லை.

தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உள்ளபடி எழுத வேண்டும். எட்டுப் பேருக்குப் பதில் நான்கு பேர், 14,000க்குப் பதில் 8,000 என்று எழுதினால் மிச்சமாவது சில நூறு ரூபாய்.

ஆண்டுக்கு 20 ரூபாய்க்கும் 436 ரூபாய்க்கும் வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் பிரதமர் விபத்து, ஆயுள் காப்பீடுகளை ஆட்களுக்கு எடுத்துக் கொடுப்பது நல்ல காரியம். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். ஆனால் முதலாளியின் சட்டப் பொறுப்பில் ஒரு ரூபாய்கூட அதனால் குறையாது.

நஷ்டம் நடந்த பிறகு

1. முதல் நாளே கம்பெனிக்குத் தகவல். ஏஜென்டிடம் வாயால் சொன்னது போதாது. மின்னஞ்சலோ, கம்பெனி எண்ணில் பதிவோ இருக்க வேண்டும்.

2. தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை, திருட்டு என்றால் எஃப்ஐஆர்.

3. சர்வேயர் வருவதற்கு முன் எரிந்ததை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. அதே சமயம் நனையாத சரக்கை மேலே ஏற்றிக் காப்பாற்றுவது நம் கடமை, அதைச் செய்யாவிட்டாலும் கழிப்பார்கள். படமும் வீடியோவும் எடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

4. பில் புக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே எரிந்துவிட்டால் பதற வேண்டாம். வாங்கியதும் விற்றதும் ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன்களாக இருக்கிறது, ஜிஎஸ்டிஆர் 2பியில் சப்ளையர் வாரியாகவே கிடைக்கும். டேலி பேக்கப்பைக் கடைக்கு வெளியே ஒரு இடத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை.

5. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவே இறுதி வார்த்தை அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

6. "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். குறைந்த தொகையில் உடன்பாடு இல்லையென்றால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று அதே நாளில் எழுதித் தர வேண்டும். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே பாலிசிதாரரின் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் எழுத்தில் ஆட்சேபம் இருப்பது பலம்.

ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2024 ஜூனில் வந்த ஐஆர்டிஏஐ முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. தேவையானதை பாலிசி தரும்போதே கம்பெனி கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

மறுத்துவிட்டால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வியாபாரி நுகர்வோரே அல்ல என்று முன்பு கம்பெனிகள் வாதாடும். இன்சூரன்ஸ் எடுப்பது லாபம் சம்பாதிக்க அல்ல, நஷ்டத்தை ஈடுகட்ட என்பதால் வியாபார நிறுவனமும் நுகர்வோர்தான் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இன்னொரு வழி, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன். நம் பகுதிக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எல்லாத் தொழில் பாலிசிக்கும் அங்கே கதவு திறக்காது. தனி உரிமையாளர் கடைகளுக்கும் குறு நிறுவனங்களுக்கும் மட்டும் இடம் உண்டு. கூட்டு வியாபாரமாகவோ பிரைவேட் லிமிடெடாகவோ நடத்துபவர்கள் தாங்கள் குறு நிறுவனம் என்று காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி. சூக்ஷ்ம பாலிசி எடுக்கத் தேவைப்படாத உத்யம் சான்றிதழ் இங்கேதான் கைகொடுக்கிறது. கட்டணம் இல்லாமல் இணையத்திலேயே பதிந்துகொள்ளலாம்.